முசுறும் கறையானும்

நுழையும்முன்

கூடி வாழும் பூச்சிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் எறும்பும் கறையானும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. இரண்டிலும் அரசி உண்டு; உழைப்பாளிகள் உண்டு; மழைக்காலத்தில் சிறகு முளைத்துப் பறக்கும் கூட்டமும் உண்டு. இவ்வளவு ஒப்புமை இருந்தும், உயிரினங்களின் குடிவழியில் இவை மிகத் தொலைவில் நிற்கின்றன. விழுப்புரம் மாவட்டத்துக் காடுகளிலும் தோப்புகளிலும் ஒரே மரத்தின் மேலும் கீழும் வாழக்கூடிய முசுறு, கறையான் ஆகிய இரண்டையும் ஒப்புநோக்குகிறது இப்பாடம்.

பெயரில் எஞ்சிய காடு

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் 'திந்திரிணீ வனம்' என்பதன் திரிபு என்பர். திந்திரிணீ என்பது புளிய மரத்தைக் குறிக்கும் வடசொல். அவ்வூர்ச் சிவன் கோயிலின் இறைவனும் திந்திரிணீசுவரர் என்றே அழைக்கப்படுகிறார். அப்புளியங்காடு இன்று பெயரில் மட்டுமே வாழ்கிறது. எனினும், அப்பகுதியில் காடு முற்றிலும் அழிந்துவிடவில்லை. மேற்கே செஞ்சியின் பாறைக்குன்றுகளைச் சூழ்ந்த புதர்க்காடுகளிலும், கிழக்கே கடற்கரையை ஒட்டிய கோயில்காடுகளிலும் அதன் எச்சங்களைக் காணலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு அவற்றுள் பெயர் பெற்றது. 'புற்று' என்னும் சொல் பேச்சு வழக்கில் 'புத்து' என்று ஒலிப்பதை இவ்வூர்ப்பெயர் நினைவூட்டுகிறது.

தாவரவியலார் இவ்வகைக் காட்டை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்பர். ஆண்டில் பல மாதங்கள் மழையின்றிக் காய்ந்தாலும், தடித்த இலைகளால் நீரைக் காத்துக்கொண்டு பசுமை மாறாமல் நிற்பவை இக்காட்டு மரங்கள். காயா, பாலை, வீரை, கருங்காலி ஆகியன இவ்வகைக் காடுகளுக்கு உரியன. உயரம் குறைந்த, நெருங்கிய, நிழல் செறிந்த காடு அது. அத்தகைய காட்டில் கட்டுமானக் கலையில் வல்ல உயிர்கள் இரண்டு. ஒன்று கிளையின் நுனியில் பச்சிலைகளை இணைத்து வீடு கட்டும். மற்றொன்று மண்ணைக் குழைத்து அடிமரத்தருகே புற்றெழுப்பும்.

தமிழ் தந்த இரு பெயர்கள்

தென்னாட்டுக்கு வந்த ஐரோப்பியர் கறையானை 'வெள்ளை எறும்பு' என்றே எழுதினர். கூட்டமாக ஊர்வதைக் கண்டு எறும்பின் இனம் என்று கருதியதால் விளைந்த பெயர் அது. இன்றும் ஆங்கில வழக்கில் அப்பெயர் நிலைத்திருக்கிறது. தமிழ் அப்பிழையைச் செய்யவில்லை. மரத்தில் கூடு கட்டும் செந்நிற எறும்பு பழந்தமிழில் 'முயிறு' எனப்பட்டது. இன்றைய முசுறு அதுவே. புற்றெழுப்பும் பூச்சியின் பெயர் 'சிதல்'. 'செல்' என்பதும் அதன் பெயரே. 'செல்லரித்த ஏடு' என்னும் தொடரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. அதன் சிறகுள்ள வடிவம் 'ஈயல்'. அதுவே இன்றைய ஈசல்.

இவ்விரு பூச்சிகளையும் சங்கப் புலவர்கள் கூர்ந்து கண்டிருக்கின்றனர். நற்றிணையின் 180ஆம் பாடல் ஒரு மருதநிலக் காட்சியைத் தீட்டுகிறது. வயலருகே நிற்கும் பலா மரத்தில் முயிறு மொய்த்த கூடு ஒன்று இருக்கிறது. நாரை அதன்மீது உராய்கிறது. கூடு கலைந்து, செந்நெல்லோடு வெள்ளரிசி கலந்தாற்போல் உள்ளிருந்தவை கீழே சிதறுகின்றன. செந்நெல் என்பது முயிறு. வெள்ளரிசியாக உதிர்ந்தவற்றை உரைகாரர் முட்டை என்பர். இலைக்கூட்டைப் பிரித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அரிசிபோல் தெரிபவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் முட்டைகளல்ல. காலும் கண்ணும் இல்லாத இளம்புழுக்களும், அவை அடுத்து அடையும் கூட்டுப்புழுக்களுமே அவை. உவமைக்காகச் சொல்லப்பட்ட அவ்வெள்ளரிசியில்தான் எறும்புக்கும் கறையானுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

குடிவழி

பூச்சிகளை வகைப்படுத்துவோர் எறும்பை 'ஹைமெனாப்டெரா' என்னும் வரிசையில் வைப்பர். சவ்வு போன்ற சிறகுடையவை என்பது அதன் பொருள். தேனீயும் குளவியும் அவ்வரிசையைச் சேர்ந்தவை. எறும்பு குளவிகளின் வழித்தோன்றல். கறையானோ நெடுங்காலம் 'ஐசாப்டெரா', அதாவது ஒத்த சிறகுடையவை, என்னும் தனி வரிசையில் வைக்கப்பட்டிருந்தது. 2007இல் வெளியான மரபணு ஆய்வொன்று அத்தனி வரிசைக்கு முடிவு கட்டியது. கறையான்கள் கரப்பான்பூச்சிகளின் குடும்பத்திலிருந்து கிளைத்தவை என்று அது காட்டியது. இன்று அவை கரப்பான்களோடு சேர்த்து 'பிளாட்டோடியா' என்னும் வரிசையில் வைக்கப்படுகின்றன. மரத்தைக் குடைந்து தின்று, பெற்றோரும் குஞ்சுகளும் ஒன்றாக வாழும் காட்டுக் கரப்பான் இனம் ஒன்று வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் இன்றும் உள்ளது. அதன் குடலில் மரத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள், பழமையான கறையான்களின் குடலில் உள்ளவற்றுக்கு உறவானவை. அடுக்களையில் ஓடும் கரப்பானுக்குக் கறையான் உறவு. எறும்புக்கு அது அயல்.

உடலைக் கூர்ந்து நோக்கினாலே இவ்வயன்மை புலப்படும். எறும்பின் இடை நூல்போல் ஒடுங்கியது. கறையானுக்கு அவ்வொடுக்கம் இல்லை. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் வளைந்தது. கறையானுடையது மணிகோத்தாற்போல் நேரானது. சிறகு முளைத்த எறும்பின் முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே நீளமுடையவை. மழை ஓய்ந்த காலையில் விளக்கடியில் உதிர்ந்து கிடக்கும் சிறகுகளைக் கையிலெடுத்துப் பார்த்தே அவை எவற்றினுடையவை என்று சொல்லிவிடலாம்.

குழந்தை நெய்த வீடு

முசுறின் அறிவியல் பெயர் ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. மாந்தோப்புகளிலும் முந்திரித் தோப்புகளிலும் இதன் கடி படாதவர் அரியர். இதற்குக் கொடுக்கு இல்லை. தாடையால் கடித்து, கடிவாயில் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. எரிச்சலுக்குக் காரணம் அதுவே.

இது கூடு கட்டும் முறை வியப்பூட்டுவது. உழைப்பாளி எறும்புகள் ஓர் இலையின் விளிம்பில் வரிசையாக நின்று அடுத்த இலையின் விளிம்பைத் தாடையால் பற்றி இழுக்கும். இடைவெளி மிகுதியாக இருந்தால் ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கும். இரு விளிம்புகளும் நெருங்கியதும் வேறு சில உழைப்பாளிகள் பழைய கூட்டிலிருந்து வளர்ந்த இளம்புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வரும். புழுவின் வாயருகே பட்டிழை சுரக்கிறது. அப்புழுவை இலை விளிம்பில் தொட்டுத் தொட்டு இருபுறமும் மாறிமாறி நகர்த்த, இழை இழையாகப் பட்டுத்துணி நெய்யப்பட்டு இலைகள் இணைகின்றன. கைத்தறியின் நாடா செல்வதும் மீள்வதும் போன்றது அது. நெய்கிற கை தாய்க்கூட்டத்தினுடையது, நூல் குழந்தையினுடையது.

பொதுவாகப் பூச்சியின் இளம்புழு தன் பட்டைத் தன்னைச் சுற்றிக் கூடு நெய்யவே பயன்படுத்தும். முசுறின் புழு தன் இழையைக் குடும்பத்துக்கு அளித்துவிட்டுத் தான் திறந்த மேனியாகவே கூட்டுப்புழுவாகிறது. முட்டை, இளம்புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்னும் நான்கு நிலைகளையும் கடந்து வளர்வதை 'முழு உருமாற்றம்' என்பர். பட்டாம்பூச்சியும் தேனீயும் இவ்வாறே வளர்கின்றன. இவ்வளர்ச்சியில் குழந்தைப் பருவமும் முதிர்ந்த பருவமும் உருவத்தில் முற்றிலும் வேறுபட்டவை. முசுறின் குழந்தைக்கு நடக்கத் தெரியாது. உண்ணவும் பிறர் ஊட்ட வேண்டும்.

இக்கூட்டின் உழைப்பாளிகள் அனைவரும் பெண்களே. ஆண் எறும்புகள் கருவுறாத முட்டையிலிருந்து தோன்றுபவை. அவற்றுக்குத் தந்தை இல்லை. பறந்து சென்று இணைந்ததும் இறந்துபோகின்றன. அரசி அந்த ஒரு காலத்தில் பெற்ற விந்தணுக்களை உடலில் சேமித்துவைத்து வாழ்நாள் முழுவதும் முட்டையிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

முசுறு பிற பூச்சிகளை வேட்டையாடும் இயல்புடையது. இதை அறிந்த தென்சீன உழவர்கள் முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கிக் கிச்சிலி மரங்களில் கட்டித் தொங்கவிட்டனர். கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சீன நூலொன்று இச்செய்தியைக் கூறுகிறது. பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கும் முறைக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

மண்ணுக்குள் ஒரு தோட்டம்

முசுறின் நகரத்திலிருந்து அடிமரத்துக்கு இறங்கினால் செம்மண் புற்று. தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் புற்றுகளை எழுப்புவது ஓடன்டோடெர்மிஸ் ஒபீசஸ் என்னும் கறையான். இதன் உழைப்பாளிகளுக்குப் பார்வை இல்லை. மென்மையான உடல் வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்காது. ஆதலால், அது செல்லும் இடமெல்லாம் ஈரமண்ணால் கூரை வேய்ந்துகொண்டே செல்கிறது. மரப்பட்டையின்மீது கோடுகோடாகக் காணப்படும் மண்தடங்கள் அக்கூரைகளே. முசுறு நடுப்பகலில் கிளையில் திரியும். கறையான் பகலிலும் தன் இரவைச் சுமந்துகொண்டு நடக்கும்.

கறையானின் முட்டையிலிருந்து வெளிவருவது புழுவன்று. ஆறு கால்களும் உணர்கொம்பும் கொண்ட சிறு கறையானே வெளிவருகிறது. தொடக்கத்தில் மூத்தவை அதற்கு உணவூட்டும். பின்னர், சில முறை தோலுரித்து உழைப்பாளியாகவோ போர்வீரனாகவோ ஆகிறது. கூட்டுப்புழு நிலை இதில் இல்லை. இதனை 'அரைகுறை உருமாற்றம்' என்பர். கரப்பானும் வெட்டுக்கிளியும் வளரும் முறையும் இதுவே. எனவே, புற்றைப் பிரித்தால் நற்றிணைப் புலவர் கண்டது போன்ற செந்நெல்லும் வெள்ளரிசியும் கிடைப்பதில்லை. அளவில் மட்டும் வேறுபட்ட ஒரே உருவங்கள் ஓடுகின்றன. இக்குழந்தையிடம் பட்டும் இல்லை. கறையான் தன் வீட்டை மண்ணாலும் உமிழ்நீராலுமே கட்ட வேண்டியிருக்கிறது.

மற்றுமொரு வேறுபாடு அரசனைப் பற்றியது. எறும்பின் ஆண் ஒரு நாளில் மறைகிறது. கறையானின் ஆணோ இறப்பதில்லை. புற்றின் அடியிலுள்ள தடித்த மண்ணறையில் அரசியும் அரசனும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்கின்றனர். முட்டைகளால் வயிறு பருத்து அசைய இயலாமல் கிடக்கும் அரசி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. உழைப்பாளிகளிலும் ஆண், பெண் என்னும் இருபாலும் உண்டு. பெண்களே நடத்தும் குடும்பம் முசுறினுடையது. தாயும் தந்தையும் ஆண்மக்களும் பெண்மக்களும் கூடி நடத்தும் குடும்பம் கறையானுடையது.

புற்றுக்குள் உணவுத் தோட்டமும் உண்டு. உழைப்பாளிகள் கொண்டுவரும் சருகும் சுள்ளியும் வயிற்றின் வழியே கழிந்து, மூளையின் மடிப்புகளைப் போன்ற பழுப்புநிறப் படுகைகளாக அடுக்கப்படுகின்றன. அவற்றின்மீது டெர்மிட்டோமைசிஸ் என்னும் காளான் வெண்மணிகளாக வளர்கிறது. கறையானால் எளிதில் செரிக்க இயலாத மரச்சத்தை இக்காளான் பக்குவப்படுத்தித் தருகிறது. மழைக்காலத்தில் புற்றின்மேல் குடைவிரிக்கும் புற்றுக்காளான் இத்தோட்டத்தின் விளைவே. புற்றை வெறும் மண்மேடு என்று கருதுவோர் அதன் சுவையை மட்டும் அறிந்திருக்கிறார்கள்.

இத்தனை உயிர்கள் மூச்சுவிடும் இடத்தில் காற்று எவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது? பெங்களூருவில் இதே இனத்தின் புற்றுகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. பகலில் புற்றின் புறச்சுவர் நடுப்பகுதியை விட விரைவில் சூடேறுகிறது. அங்குள்ள காற்று மேலெழ, நடுவிலுள்ள காற்று கீழிறங்குகிறது. இரவில் புறச்சுவர் முதலில் குளிர்வதால் அவ்வோட்டம் தலைகீழாகிறது. பகலும் இரவும் மாறிமாறி வருவதையே விசையாகக் கொண்டு புற்று மூச்சுவிடுகிறது.

தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவரும் இயற்கையியலாளருமான யோஹான் கெர்ஹார்டு கோனிக், இக்காளான் தோட்டத்தை முதன்முதலில் கண்டு எழுதியவர்களுள் ஒருவர். லின்னேயசின் மாணவராகிய அவர் கறையானைப் பற்றி எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் வெளியானது. தலைப்பில் அவரும் 'வெள்ளை எறும்பு' என்றே குறித்தார். ஆயினும், 'என்று சொல்லப்படுகிற' என்னும் அடைமொழியை அதனோடு சேர்த்திருந்தார். அந்த ஓர் அடைமொழிக்காகவே அவரைப் பாராட்டலாம்.

ஈசல் புறப்படும் மாலை

'ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வு' என்பது உலக வழக்கு. பறந்தவற்றுள் மிகப் பலவற்றுக்கு அது உண்மையே. பறவை, ஓணான், தவளை, எறும்பு என எல்லா உயிர்களுக்கும் அன்று விருந்து. ஆனால், தப்பிய ஓரிணை சிறகுதிர்த்து மண்ணைத் தோண்டி உட்புகுந்தால், அவையே புதிய புற்றின் அரசனும் அரசியும் ஆகும். ஆயிரத்தில் ஒன்றுக்கு நெடிய வாழ்வு. எஞ்சியவற்றுக்கு ஒரு நாள். வழக்கு எஞ்சியவற்றை மட்டுமே எண்ணியது.

ஈசல் மனிதருக்கும் உணவாக இருந்துள்ளது. பாரி இறந்தபின் அவனது பறம்பு நாட்டை நினைந்து கபிலர் பாடிய புறநானூற்றின் 119ஆம் பாடலில், கார்காலத்துச் செம்புற்றின் ஈயலை மோரோடு சேர்த்துச் சமைத்த புளிப்பான உணவு அந்நாட்டின் வளங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. பாரி மகளிரைக் காத்து ஒப்படைத்தபின் கபிலர் உயிர்நீத்த இடமாகச் சொல்லப்படும் கபிலர் குன்று, தென்பெண்ணையாற்றில் திருக்கோவலூர் அருகே உள்ளது. 2019வரை அவ்வூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. இப்பாடல் இடம்பெற்ற புறநானூறு உ.வே. சாமிநாதையரால் 1894இல் அச்சேறும்வரை ஓலைச்சுவடிகளிலேயே வாழ்ந்தது. ஈயலைப் பாடிய பாடல், ஈயலின் உடன்பிறப்பாகிய செல்லின் வாய்க்குத் தப்பி நம்மை வந்தடைந்திருக்கிறது.

அன்றைய உணவு இன்றும் மறையவில்லை. திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழும் இருளர் மக்கள் ஈசல் பிடிப்பதில் தேர்ந்தவர்கள். எந்தப் புற்றில் ஈசல் முதிர்ந்திருக்கிறது, அது எப்போது புறப்படும் என்பதை வானத்தையும் புற்றின் வாயில்களையும் கண்டு அவர்கள் கணிக்கின்றனர். புற்றருகே குழி வெட்டி விளக்கேற்றி வைத்தால், ஒளியை நாடும் ஈசல் குழியில் வந்து விழும். சிறகைப் புடைத்து நீக்கி, வறுத்து, பொரியரிசியோடு கலந்து உண்பர். சந்தையில் விற்பதும் உண்டு. கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவு அது. கோனிக்கின் கட்டுரையிலும் இத்தகைய செய்தி உள்ளது. காற்று வீசும் பக்கத்தில் புற்றைத் துளைத்து மூட்டம் போட்டு, எதிர்ப்பக்கத் துளையில் பானை வைத்து ஈசலைப் பிடிப்பதையும், மாவோடு சேர்த்துப் பண்டம் செய்து விற்பதையும் அவர் குறித்திருக்கிறார். ஏட்டில் எழுதப்பெறாத இவ்வறிவு, ஏழைமையின் அடையாளமாக மட்டும் நோக்கப்பட்டமையால் பூச்சியியல் நூல்களில் உரிய இடம் பெறவில்லை. புற்று இருக்கும்வரைதான் அவ்வறிவுக்கும் வேலை உண்டு. காடு தோப்பாகவும், தோப்பு மனைப்பிரிவாகவும் மாறும்போது முதலில் தரைமட்டமாவது புற்றே.

தீங்கும் நன்மையும்

விழுப்புரம் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை முதன்மையான பயிர்களுள் ஒன்று. 'மல்லாட்டை' என்றால்தான் அவ்வட்டார மக்களுக்குப் புரியும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை இரகங்கள் 'டி.எம்.வி.' என்று ஊரின் பெயரையே தாங்கி நாடெங்கும் சென்றுள்ளன. அம்மல்லாட்டைக்குக் கறையானால் இழப்பு ஏற்படுவது உண்மை. முதிர்ந்த காயின் ஓட்டை அது சுரண்டுகிறது. சுரண்டிய ஓட்டின் வழியே நச்சுக் காளான் உட்புகுகிறது. மக்காத தொழு எருவை இடுவதும், அறுவடையைத் தள்ளிப்போடுவதும் இத்தீங்கை மிகுவிக்கும்.

ஆயினும், இந்தியாவில் அறியப்பட்ட ஏறத்தாழ 300 கறையான் இனங்களில் பயிருக்கும் கட்டடத்துக்கும் தீங்கு செய்பவை ஏறத்தாழ 35 மட்டுமே. பிற இனங்கள் சருகையும் பட்ட மரத்தையும் சாணத்தையும் மண்ணாக்குகின்றன. இறுகிய நிலத்தைத் துளைத்து மழைநீரை உள்ளே விடுகின்றன; அடிமண்ணை மேலே கொண்டுவருகின்றன. மண்புழு தாக்குப்பிடிக்க இயலாத வறண்ட காட்டில் மண்புழுவின் பணியைச் செய்வது கறையான். புற்றை எறும்புக்கூடு என்று எண்ணி மேல்மண்ணை மட்டும் வெட்டி எறிபவர், அடியிலுள்ள அரச அறையைத் தொடுவதே இல்லை. சில நாள்களில் புற்று மீண்டும் எழுகிறது. உயிரின் இயல்பறியாமல் செய்யும் வேலை இவ்வாறே முடியும்.

முசுறின் நிலையும் ஏறக்குறைய இதுதான். காய் பறிப்பவரைக் கடிக்கிறது என்பதற்காகக் கூட்டோடு கொளுத்தப்படுகிறது. முந்திரியின் தளிரையும் பூவையும் உறிஞ்சிக் கருக்கும் தேயிலைக் கொசுவை அது வேட்டையாடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே வேளையில், தேன் சுரக்கும் செதிற்பூச்சிகளை அது பேணி வளர்ப்பதும் உண்டு; அது மரத்துக்கு நன்றன்று. இரண்டையும் எடைபோட்டே உழவர் முடிவு செய்தல் வேண்டும்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் புற்றே வழிபடப்படுகிறது. மக்கள் மஞ்சள் பூசி வணங்கும் புற்றைக் கட்டியது பாம்பன்று என்பதைக் 'கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது போல' என்னும் பழமொழி நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய ஒரு மாலை. கோயில்காட்டில் புற்றின் வாயில்கள் திறக்கின்றன. போர்வீரர்கள் வாயிலைச் சூழ்ந்து நிற்க, ஈசல் புகைபோல் மேலெழுகிறது. மேலே, காயா மரத்தின் கிளையெங்கும் முசுறுகள் காத்திருக்கின்றன. இலையில் மோதிய ஈசல் ஒவ்வொன்றையும் பத்துத் தாடைகள் பற்றி இழுக்க, அது பட்டுக்கூட்டுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே நடக்கத் தெரியாத வெண்புழுக்களுக்கு அன்று இரவு உணவு. கீழே, கூட்டத்திலிருந்து தப்பிய இரண்டு ஈசல்கள் சிறகுகளை உதிர்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஈரமண்ணில் இடம் தேடி நடக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. மழைக்காலத்தில் விளக்கடியில் உதிர்ந்து கிடக்கும் சிறகுகளைத் திரட்டி, அவை ஈசலுக்கு உரியனவா, எறும்புக்கு உரியனவா என வகைப்படுத்துக.

2. உங்கள் ஊரில் எறும்பு, கறையான், ஈசல் ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் அவை இடம்பெறும் பழமொழிகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

3. நற்றிணை 180, புறநானூறு 119 ஆகிய பாடல்களைப் படித்து, அவற்றில் இப்பூச்சிகள் எந்நிலத்தின் பின்னணியில் வருகின்றன என்று வகுப்பறையில் உரையாடுக.